ஒரே நடனச் சிறுமி மூன்று நகரங்களில்: எது அசல்?

நீங்கள் கேட்டிருப்பது இது: பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியங்களையும் சிற்பங்களையும் பார்த்து வரும்போது, பிரெஞ்சு ஓவியர் எட்கார் டெகா செய்த 'பதினான்கு வயது நடனச் சிறுமி' சிலையின் முன் நெடுநேரம் நின்றுவிட்டீர்கள். பிறகு லண்டனில் டேட் அருங்காட்சியகத்துக்குப் போனால் அங்கும் அதே சிறுமி. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் அவளே. டேட்டில் இருந்த பெயர்ப்பலகையில் 1880-81 என்றும், வார்ப்பு 1922 வாக்கில் என்றும் இரண்டு காலங்கள் எழுதியிருந்தன. டெகாவோ 1917-இலேயே காலமானவர். ஓவியம் என்றால் ஒன்றுதானே இருக்கும், சிலை மட்டும் எப்படிப் பலவாகும், நீங்கள் பார்த்தவற்றில் எது அசல், நகலைக் காட்டிக் கட்டணம் வாங்குவது ஏமாற்று ஆகாதா என்பவை உங்கள் ஐயங்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்த ஒரு சிலையைப் பற்றியது ஒன்று. 'அசல்' என்ற சொல்லுக்கு அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சிற்பத்தில் என்ன பொருள் என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு விடை தெரியாமல் முதலாவதற்குச் சொல்லும் விடை அரைகுறையாகவே நிற்கும்.

முதலாவதற்கு நேரான விடையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பார்த்த மூன்றும் வெண்கல வார்ப்புகள். மூன்றும் டெகா இறந்த பிறகு, அவருடைய வாரிசுகளின் ஒப்புதலோடு வார்க்கப்பட்டவை. ஆகவே அவை போலிகள் அல்ல. ஆனால் அவற்றில் ஒன்றிலும் டெகாவின் விரல் பட்டதில்லை. அவர் தம் கையால் உருவாக்கி, 1881-இல் மக்கள் முன் வைத்த சிறுமி வெண்கலத்தால் ஆனவளே அல்ல, மெழுகால் ஆனவள். அந்த மெழுகுச் சிலை இன்றும் இருக்கிறது, வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில்.

நான் நுண்கலைக் கல்லூரியில் சிற்பம் படித்து, சுவாமிமலையில் ஒரு பட்டறையில் வார்ப்புக் கற்று, அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகளாக உலோகச் சிற்பங்களின் பாதுகாப்புப் பணியில் இருப்பவன். உங்கள் குழப்பம் எனக்கு நன்றாகவே புரிகிறது, ஏனெனில் எனக்கும் அது இருந்தது. நம் ஸ்தபதிகள் தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லப் பூசி, உலர்த்தி, மேலும் மேலும் மண் அப்பிக் கம்பி கட்டுவார்கள். பிறகு நெருப்பில் சுட்டு மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய ஐம்பொன்னை ஊற்றுவார்கள். ஆறியதும் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். மெழுகும் போயிற்று, அச்சும் போயிற்று. மிஞ்சுவது ஒரே ஒரு சிலை. இந்த முறையில் 'இதில் எத்தனை வார்ப்பு இருக்கிறது' என்ற கேள்விக்கே இடமில்லை. இதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பாரிஸுக்குப் போகிறவர், அங்கும் வெண்கலம் என்றாலே ஒன்றுதான் என்று நினைப்பது இயல்பு.

பிரெஞ்சுப் பட்டறைகளில் நடந்தது வேறு. சிற்பி களிமண்ணில் உருவத்தைப் பிடிப்பார். களிமண் காய்ந்தால் வெடித்துவிடும். ஆகவே அதன்மேல் அச்செடுத்துப் பிளாஸ்டரில் ஒரு படி எடுப்பார்கள். களிமண் அப்போதே அழிந்துவிடும். இனி அந்தப் பிளாஸ்டரே மூலம். ஆண்டுதோறும் பாரிஸில் நடந்த 'சலோன்' என்ற அரசாதரவு பெற்ற பெருங்காட்சியில் சிற்பிகள் பெரும்பாலும் பிளாஸ்டரைத்தான் வைத்தார்கள், ஏனெனில் வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் ஆகும் செலவைத் தாங்க ஒரு புரவலரோ அரசோ முன்வர வேண்டியிருந்தது. அக்காலத்துப் பெரும் பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் 'வெண்கல யுகம்' என்ற நின்ற ஆண் உருவம் 1877-இல் அப்படிப் பிளாஸ்டராகத்தான் சலோனுக்குப் போயிற்று. உயிருள்ள மனிதன் உடல்மேலேயே அச்செடுத்துவிட்டார் என்ற பழியைச் சுமந்து, 1880-இல்தான் அரசு அதை வாங்கிற்று. பிளாஸ்டர் மூலம் பத்திரமாக இருக்கும்வரை அதிலிருந்து மீண்டும் மீண்டும் அச்செடுக்கலாம். மணல் வார்ப்பாகவோ மெழுகு வார்ப்பாகவோ எத்தனை வெண்கலங்களையும் ஊற்றலாம். மெழுகு வார்ப்பிலும் அவர்கள் மூல உருவத்தை உருக்கவில்லை. மூலத்தின்மேல் எடுத்த அச்சில் மெழுகுப் படி ஒன்றை எடுத்து அதைத்தான் உருக்கினார்கள். சுவாமிமலை முறைக்கும் அதற்கும் உள்ள ஒரே பெரிய வேறுபாடு இதுதான். உங்கள் கேள்வி முழுவதும் இந்த இடத்தில்தான் முளைக்கிறது.

அளவை மாற்றவும் அந்நூற்றாண்டு வழி கண்டது. அஷீல் கொலாஸ் என்பவர் வடிவமைத்த குறுக்கும் கருவியைக் கொண்டு, அவரும் பர்படியென் என்பவரும் 1838-இல் கூட்டாகத் தொடங்கிய வார்ப்பகம், பெரிய சிலைகளை வரவேற்பறை மேசைக்கு ஏற்ற அளவில் சிறிதாக்கி விற்றது. ரோடினே 1898-இல் அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்து, 'முத்தம்' சிலையை நான்கு அளவுகளில் வார்க்க விட்டார். முந்நூறுக்கும் மேற்பட்ட வெண்கல 'முத்தங்கள்' அப்படி வெளியே போயின. பளிங்கிலும் ஒன்றோடு நிற்கவில்லை. அரசு கேட்டுச் செய்த பளிங்கு 'முத்தம்' பாரிஸ் ரோடின் அருங்காட்சியகத்திலும், இன்னொன்று டேட்டிலும், மூன்றாவது கோபன்ஹேகனிலும் இருக்கின்றன. அவற்றின் கல்லைப் பெரும்பாலும் செதுக்கியவர்கள் பட்டறை உதவியாளர்கள். பிளாஸ்டரில் உள்ள புள்ளிகளை அளவுகருவியால் கல்லுக்கு மாற்றி, ஆழம் பார்த்துத் துளையிட்டு, உருவத்தை வெளியே கொணர்வது அவர்கள் வேலை. 'சிந்தனையாளர்' முதலில் ஏறத்தாழ எழுபது சென்டிமீட்டர் உயர உருவம். இன்று உலகம் அறிந்த அந்தப் பேருருவை 1902-க்கும் 1904-க்கும் இடையில் ஆன்றி லெபொஸே என்ற கைவினைஞர் ரோடினின் மேற்பார்வையில் பெரிதாக்கினார். யாரும் இதை மறைக்கவில்லை. உருவத்தைக் கண்டடைவது சிற்பியின் வேலை, அதைப் பொருளாக்குவது பட்டறையின் வேலை என்பது அன்று எல்லாரும் ஏற்ற நடைமுறை.

இங்கே ஒன்றை இடையில் சொல்லிக்கொள்கிறேன். இப்படிப் பலவாகப் பெருகும் வெண்கலத்தோடு வாழ்ந்த ரோடின், ஒரே ஒரு முறை வார்க்கப்படும் நம் சோழர் வெண்கலத்தைக் கண்டு உள்ளம் கரைந்தவர். சென்னை அருங்காட்சியகத்து நடராசரின் புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தத் திருமேனியை அங்கம் அங்கமாகப் பார்த்து அவர் எழுதிய கட்டுரை அவர் மறைந்தபின் 1921-இல் பிரெஞ்சில் வெளியாயிற்று. புகைப்படத்தில் விழுந்த ஒளியையும் நிழலையும் கொண்டே வெண்கலத்தின் தசையைப் படித்த அவருடைய கண்ணை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வெண்கலத்தைப் பார்த்து 'இது அசலா' என்று கேட்பதைவிட, 'கலைஞரின் கையிலிருந்து இது எத்தனை படி தள்ளி நிற்கிறது, யார் ஒப்புதல் கொடுத்து இது வார்க்கப்பட்டது' என்று கேட்பதே பயன் தரும். இந்த இரண்டு அளவுகோல்களையும் ரோடினுக்கும் டெகாவுக்கும் பொருத்திப் பாருங்கள். இருவரும் ஒரே ஆண்டில், 1917-இல், இரண்டு மாத இடைவெளியில் காலமானவர்கள். ஆனால் தம் சிற்பங்களை அவர்கள் விட்டுச்சென்ற விதம் முற்றிலும் எதிரெதிரானது.

ரோடின் 1916-இல் தம் படைப்புகளையும், அவற்றை வார்க்கும் உரிமையையும் பிரெஞ்சு அரசுக்கு எழுதிக் கொடுத்தார். 1919-இல் திறக்கப்பட்ட ரோடின் அருங்காட்சியகம் அந்த உரிமையால்தான் இன்றும் வார்க்கிறது. பின்னாளில் வந்த பிரெஞ்சு விதிகள் ஒரு சிற்பத்துக்குப் பன்னிரண்டு வார்ப்புகளே அசல் என்று வரம்பு கட்டின. அவற்றுள் எட்டு விற்பனைக்கு உரியவை, நான்கு கலைஞருக்கும் நிறுவனங்களுக்கும் உரியவை. அந்த எண்ணிக்கைக்கு மேல் எடுப்பவற்றில் 'நகல்' என்று பொறித்தாக வேண்டும். இதில் ஓர்சேயோடு தொடர்புள்ள ஒரு கதை உண்டு. 1871-இல் பாரிஸ் கம்யூன் கிளர்ச்சியின்போது சேன் ஆற்றங்கரையிலிருந்த ஓர்சே மாளிகை எரிந்துபோயிற்று. அந்த மனையில் அலங்காரக் கலை அருங்காட்சியகம் ஒன்றைக் கட்ட எண்ணிய அரசு, அதன் வாயிற்கதவை 1880-இல் ரோடினிடம் கேட்டது. அதுதான் 'நரக வாயில்'. அருங்காட்சியகம் எழவே இல்லை. அந்த இடத்தில் 1900-இல் ஒரு ரயில் நிலையம் எழுந்தது. ரோடின் உயிரோடு இருந்தவரை அந்தக் கதவு வெண்கலமாகவும் ஆகவில்லை. முதல் வெண்கலம் 1920-களில், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அமையவிருந்த ரோடின் அருங்காட்சியகத்துக்காக வார்க்கப்பட்டது. கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் நிற்பது 1981-இல் முடிந்த ஐந்தாவது வார்ப்பு. அந்த ரயில் நிலையமோ 1986-இல் ஓர்சே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 'நரக வாயில்' பிளாஸ்டர், எந்த மனைக்காகச் செய்யப்பட்டதோ அந்த மனையிலேயே இன்று நிற்கிறது. அடுத்த முறை போனால் அதன் முன் நில்லுங்கள். வெண்கலக் கதவுகள் அனைத்தையும்விட ரோடினின் கைக்கு நெருக்கமானது அந்த வெள்ளைப் பிளாஸ்டர்தான்.

டெகா அப்படி எந்த உரிமையும் எழுதி வைக்கவில்லை. வாழ்நாளில் அவர் மக்களுக்குக் காட்டிய சிற்பம் இந்த ஒன்றே ஒன்று. 1880-இல், அவர் சேர்ந்திருந்த இம்ப்ரஷனிஸ்டுகள் என்ற ஓவியர் குழுவின் ஐந்தாவது காட்சிக்கு அதை அறிவித்தார். ஆனால் வந்தது வெறும் கண்ணாடிப் பெட்டி மட்டுமே. அடுத்த ஆண்டு, ஆறாவது காட்சியில், சிறுமி அந்தப் பெட்டிக்குள் வந்து நின்றாள். ஏறத்தாழ 99 சென்டிமீட்டர் உயரம், நிறமேற்றிய தேன்மெழுகு உடல், துணியால் ஆன மேற்சட்டை, நிஜமான நடனப் பாவாடை, துணிக் காலணிகள், மனிதத் தலைமுடியால் ஆன சடை, அதில் ஒரு ரிப்பன். முடியின்மேலும் சட்டையின்மேலும் காலணியின்மேலும் மெல்லிய மெழுகைத் தடவி, துணி எங்கே முடிகிறது, உடல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாதபடி டெகா செய்திருந்தார். மாரி வான் கோதெம் என்ற ஓபரா நடனப் பள்ளி மாணவி, பெல்ஜியத்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் குடும்பத்துப் பெண், அதற்கு மாதிரியாக நின்றவள். பார்த்தவர்கள் பலர் அவளைக் குரங்கு என்று ஏசினார்கள். எழுத்தாளர் ஹுயிஸ்மான் மட்டும் சிற்பத்தில் தாம் கண்ட உண்மையான நவீன முயற்சி இதுவே என்று போற்றினார். வாஷிங்டனில் அந்த மெழுகை எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே தெரிந்தவை கம்பியும் கயிறும் மட்டுமல்ல. கைகளுக்குள் தாங்கலாக ஓவியத் தூரிகைகளைச் செருகியிருந்தார். கையருகில் கிடைத்ததை எடுத்து உட்கூடு கட்டிய ஓர் ஓவியரின் அவசரம் அதில் அப்படியே உறைந்திருக்கிறது. நான் பார்த்த எக்ஸ்ரே படங்களில் மறக்க முடியாதது அது.

அவர் இறந்தபின் பட்டறையில் மெழுகிலும் களிமண்ணிலும் ஏறத்தாழ 150 உருவங்கள் கிடந்தன, பல உடைந்தவை. வாரிசுகள் அவற்றில் எழுபதுக்கும் மேற்பட்டவற்றை ஹெப்ரார் வார்ப்பகத்திடம் ஒப்படைத்தார்கள். அங்கே அல்பினோ பலாஸ்ஸோலோ என்ற தலைமை வார்ப்புக் கைவினைஞர், மூல மெழுகைக் கெடுக்காமல் அச்செடுத்து, முதலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'மாதிரி வெண்கலம்' வார்த்தார். பிறகு அந்த வெண்கலத்தின்மேல் அச்செடுத்து விற்பனைக்கான வார்ப்புகளைச் செய்தார். சிறு உருவங்களுக்கு இருபத்திரண்டு தொகுதிகள் என்று திட்டமிட்டு, இருபது தொகுதிகளுக்கு ரோமன் எழுத்து வரிசையில் குறியிட்டார்கள். எஞ்சிய இரண்டு வாரிசுகளுக்கும் வார்ப்பகத்துக்கும் உரியவை. நடனச் சிறுமி உருவில் பெரியவள் என்பதால் தனி வரிசையாக 1920-களிலிருந்து வார்க்கப்பட்டாள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட வெண்கலச் சிறுமிகள் உலகெங்கும் இருக்கிறார்கள். மூல மெழுகுகள் வார்ப்பின்போதே அழிந்துவிட்டன என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 1955-இல் அவை நியூயார்க்கில் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு பால் மெலன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் அவற்றை வாங்கினார். பெரும்பகுதி அவர் வழியாக வாஷிங்டன் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. மாதிரி வெண்கலங்களின் தொகுதி கலிபோர்னியாவில் நார்ட்டன் சைமன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இப்போது படிகளை எண்ணிப் பாருங்கள். டெகாவின் கை தொட்டது மெழுகு. அதற்கு அடுத்தது மாதிரி வெண்கலம். நீங்கள் பார்த்தவை அதற்கும் அடுத்தவை. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று இழக்கப்படுகிறது. உருகிய வெண்கலம் ஆறும்போது நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு சுருங்கும். ஆகவே வெண்கலத்தின்மேல் அச்செடுத்து வார்த்தது தன் தாயைவிடச் சற்றுச் சிறியதாகவே இருக்கும். எங்களைப் போன்றவர்கள் ஐயமுள்ள வார்ப்புகளை முதலில் அளவுகோலால் அளப்பது இதற்காகத்தான். விளிம்புகள் மழுங்கும், விரல் அழுத்தம் பதிந்த இடம் ஓர் அலைபோல் மட்டும் தெரியும். மெழுகில் துணியாகவே இருந்த சட்டை வெண்கலத்தில் உலோகமாகிவிடுகிறது. ரிப்பனும் பாவாடையும் மட்டும் மெய்யான துணியாக எஞ்சுகின்றன. பாவாடை நைந்துபோகும் பொருள்; ஒவ்வொரு அருங்காட்சியகமும் தத்தம் காலத்தில் புதிது தைத்து மாட்டியிருக்கிறது. உங்களிடம் மூன்று இடத்துப் புகைப்படங்களும் இருந்தால் அருகருகே வைத்து, பாவாடையின் நீளத்தையும் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு உடனே கண்ணில் படும்.

இதுவரை சொன்னவை ஆவணமும் ஆய்வும் உறுதிசெய்தவை. உறுதியில்லாதவையும் உண்டு, அவற்றில் முதலாவது, டெகா இந்த வெண்கலங்களை விரும்பியிருப்பாரா என்பது. மெழுகை அவர் ஆண்டுக்கணக்கில் உடைத்தும் திருத்தியும் வந்தவர், எதையும் முடிந்தது என்று சொல்லத் தயங்கியவர். ஆகவே விரும்பியிருக்க மாட்டார் என்பது ஒரு சாரார் வாதம். அழிந்துபோகக்கூடிய மெழுகைக் காக்க வேறு வழியில்லை என்பது மறுசாராரின் பதில். எனக்கு முதல் வாதமே வலுவாகத் தோன்றுகிறது. ஆனால் இது என் கருத்து மட்டுமே, தீர்ப்பு அல்ல. இன்னொரு வழக்கு இன்னும் சூடானது. வால்சுவானி என்ற வார்ப்பகத்திலிருந்து கிடைத்ததாகச் சொல்லப்படும் ஒரு பிளாஸ்டர் தொகுதியிலிருந்து அண்மைக் காலத்தில் வார்த்த வெண்கலங்கள் 2009 முதல் பல ஊர்களில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அந்தப் பிளாஸ்டர்கள் டெகாவின் காலத்தவை என்று சிலர் வாதிடுகிறார்கள். டெகா அறிஞர்களில் பலர் அதை ஏற்கவில்லை. அவற்றில் ஒன்றை எங்கேனும் பார்க்க நேர்ந்தால், நீங்கள் பார்த்த மூன்றோடும் அதை ஒரே வரிசையில் வைக்க வேண்டாம்.

என் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். புகைப்படத்தை வைத்து ஒரு வெண்கலம் எப்போது வார்க்கப்பட்டது என்று சொல்வது என்னால் ஆகாது. அப்படிச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். வார்ப்பகம் பொறித்த முத்திரை மட்டும் போதாது. ரோடின் 1902 முதல் வார்க்கக் கொடுத்த ரூதியே வார்ப்பகம், 1897-இல் இறந்த நிறுவனர் அலெக்சிஸின் பெயரையே 1952 வரை முத்திரையாக வைத்திருந்தது; ஆகவே அந்த முத்திரை சிற்பி வாழ்ந்த காலத்து வார்ப்பிலும் இருக்கும், அவர் இறந்து முப்பது ஆண்டு கழித்து வார்த்ததிலும் இருக்கும். 1990-களில் பிரான்சில் பிடிபட்ட பெரும் மோசடி ஒன்றில் அதே முத்திரையைப் போலியாகவும் பொறித்திருந்தார்கள். அளவு, உலோகக் கலவை, உட்புறத்து வார்ப்புத் தடம், கைமாறிய வரலாறு ஆகிய அனைத்தும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால்தான் ஒரு முடிவுக்கு வர முடியும்.

ஓவியம் ஒன்றுதான் என்ற எண்ணத்தையும் சற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். ஓர்சேயில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய ஓவியர் கபனேலின் 'வீனஸின் பிறப்பு' 1863 சலோனில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வாங்கியது. அதன் சிறிய மறுபதிவு 1875-இல் ஓர் அமெரிக்கருக்காக வரையப்பட்டு இப்போது மெட்ரோபாலிட்டனில் இருக்கிறது. புகழ்பெற்ற ஓவியங்களுக்கு ஓவியரே மறுபடி வரைவது அன்று ஒரு தொழில். அதை யாரும் இழுக்காக நினைக்கவில்லை. ஆனாலும் வேறுபாடு உண்டு: அந்த இரண்டாவது ஓவியமும் ஓவியரின் பொறுப்பில், அவர் உயிரோடு இருந்தபோதே உருவானது.

ஏமாற்று என்ற சொல்லுக்கு வருகிறேன். பலகையில் இரண்டு காலங்களையும் எழுதியவர்கள் உங்களை ஏமாற்றவில்லை. முதலாவது உருவம் செய்யப்பட்ட காலம், இரண்டாவது வெண்கலம் ஊற்றப்பட்ட காலம். ஆனால் அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் ஒரு மரணம் இருக்கிறது என்பதையும், மெழுகு மூலம் வேறோர் ஊரில் இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு நெடுநாளாக ஆதங்கம் உண்டு. இனி நீங்கள் வெண்கலத்தைப் பார்க்கும்போது பீடத்தின் பின்புறத்துக்குப் போய், வார்ப்பகத்தின் பெயரையும் எண்ணையும் தேடுங்கள். எட்டில் மூன்று என்பதுபோல் பின்ன வடிவில் எண் இருந்தால் அது பெரும்பாலும் பிற்கால விதிகளின்படி வார்த்தது. டெகாவின் வெண்கலங்களில் உள்ள கையொப்பம் அவர் இட்டது அல்ல, வார்ப்பகம் பொறித்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வாஷிங்டனுக்குப் போக வேண்டுமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். முடிந்தால் போய்வாருங்கள். வெண்கலச் சிறுமியின்மேல் ஒளி பட்டுத் தெறிக்கும். மெழுகின்மேல் பட்ட ஒளி சற்று உள்ளே இறங்கித் தங்கும். தூக்கிய முகவாயும், பாதி மூடிய கண்களும், பின்னால் கோத்த கைகளும் மூன்று ஊர்களிலும் நீங்கள் பார்த்தவைதாம். ஆனால் அந்தத் தோலின் நிறம் அங்கே மட்டும்தான் இருக்கிறது.